நாவல் சிபாரிசு: ஒரு சரித்திரம்

1

சென்ற பொங்கலுக்குக் கணியூர் போயிருந்தபோது என் அண்ணன் மகள் ஒரு கேள்வி கேட்டாள். அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். சீசன் நாட்களில் ஒன்றரை ஷிப்ட். மற்ற நாட்களில் ராத்திரி ஒரு மணி நேரம் படிக்கக் கிடைக்கும் போலிருக்கிறது.

"சித்தப்பா, நாலு நாவல் சொல்லுங்க. திகிலாவும் இருக்கோணும், குடும்பக் கதையாவும் இருக்கோணும். பழசாவே சொல்லாதீங்க, புதுசாவும் சொல்லுங்க."

நான் உடனே பதில் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கும் மேலாகச் சிறுபத்திரிகைகளைப் படித்து வருகிறவனுக்கு இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்டதும் முதலில் ஏற்படுவது ஒரு மெல்லிய அலட்சியம். திகில் ஒரு தட்டு, குடும்பம் ஒரு தட்டு என்று மளிகைக்கடை போல் இலக்கியத்தைப் பிரிக்கலாகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான், அவள் பிரிக்கவில்லையே, இரண்டும் சேர்ந்து வேண்டும் என்றல்லவா கேட்கிறாள் என்பது உறைத்தது. பிரித்தவர்கள் நாம். வியாபாரப் பத்திரிகைகள் தங்கள் சௌகரியத்துக்காக ஒரு விதமாகப் பிரித்தன. விமர்சகர்கள் தங்கள் தேவைக்காக வேறு விதமாகப் பிரித்தார்கள். இந்த இரண்டு பிரிவினைகளுக்கும் நடுவில் சில புத்தகங்கள் சிக்கிக்கொண்டன.

ஒரு வாசகருக்கு 'இதைப் படி' என்று சொல்வது சின்னக் காரியம் போலத் தோன்றுகிறது. தமிழில் நாவல் என்ற உருவம் நிலைபெற்றதில் இந்தச் சின்னக் காரியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எவர் சிபாரிசு செய்தார், எதை வைத்துச் செய்தார், எதை விட்டார் என்று பார்த்தால் நாவலின் சரித்திரத்தையே வேறொரு பக்கத்திலிருந்து பார்த்ததாகும். அவளுக்குப் பதில் சொல்வதற்கு முன் எனக்கே அது தெளிவாக வேண்டியிருந்தது.

2

தொடக்கத்தில் இந்தப் பிரிவினை கிடையாது. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879ல் வந்தது. ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணியில் தொடராக வந்தது. கமலாம்பாள் நம் முதல் தேர்ந்த குடும்ப நாவல் என்று எல்லோரும் ஒப்புகிறார்கள். ஒரு தம்பதியின் மனஸ்தாபத்தையும் ஊர் வம்பையும் அத்தனை நுட்பமாகச் சொல்லும் அந்தப் புத்தகத்தில் கொள்ளையும் கள்ளனும் காணாமற்போன குழந்தையும்கூட இருக்கின்றன. ராஜமய்யருக்கு இவை வேறு வேறு தளங்களாகப் படவில்லை.

இதைவிடத் தெளிவான உதாரணம் பண்டித நடேச சாஸ்திரி. நாடோடிக் கதைகளைத் தொகுத்தவர், கல்வெட்டுத் துறையில் வேலை பார்த்தவர். 1894ல் தானவன் என்ற போலீஸ் நிபுணனின் துப்புகளை எழுதினார். தமிழில் துப்பறியும் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று சொல்வது வழக்கம். அதே மனிதர் 1900ல் தீனதயாளு எழுதினார். 1903ல் மாமி கொலுவிருக்கை எழுதினார். தலைப்பே போதும், அது எந்த வீட்டுக் கதை என்று தெரிந்துவிடும். ஒன்பது வருஷத்துக்குள் ஒரே பேனா போலீஸ் ஸ்டேஷனிலிருந்து மாமியார் வீட்டுக்குப் போய்விட்டது. அதில் அவருக்கு வெட்கமும் இல்லை, விசேஷமும் இல்லை.

அடுத்து வந்தவர்கள் மூவர். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு. ரங்கராஜுவின் ராஜாம்பாள் 1908ல் வந்தது. ஒரு பெண்ணின் கலியாணமும் ஒரு கொலைக் குற்றமும் அதில் ஒரே கதை. துப்பறியும் கோவிந்தன் அவிழ்க்கும் முடிச்சு ஒரு குடும்பத்துக்குள் விழுந்த முடிச்சு. வடுவூராரின் மேனகாவிலும் இதேதான். நாத்தனார் கொடுமையில் ஆரம்பிக்கும் கதை கடத்தலிலும் மோசடியிலும் போய் விழுகிறது. ஆரணியார் ஆனந்தபோதினியின் ஆசிரியராக இருந்துகொண்டு ரெயினால்ட்ஸையும் ஷெர்லக் ஹோம்ஸையும் தமிழ் உடுத்தி அனுப்பினார். ஹோம்ஸ் ஆனந்தசிங் ஆனார். வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925ல் ஜகன்மோகினியை ஏற்றுக்கொண்டு, வீட்டுக்குள் இருந்த பெண்களுக்கென்று எழுதிக் குவித்தார். 115 நாவல்கள் என்று கணக்கு. அவற்றிலும் வீட்டு விவகாரம் திடுக்கிடும் சம்பவங்கள் இல்லாமல் நகர்வதில்லை.

அந்தக் காலத்துச் சிபாரிசு எப்படி நடந்தது? விமர்சனம் என்று ஒன்று கிடையாது. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் விளம்பரம், வி.பி.பி.யில் தருவிக்கலாம் என்ற அறிவிப்பு, படித்தவர் படிக்காதவருக்கு உரக்கப் படித்துக் காட்டுவது, இவைதான். சிபாரிசின் அளவுகோல் ஒன்றே ஒன்று. எடுத்தால் கீழே வைக்க முடியாது. இதை நாம் கேலி செய்கிறோம். ஆனால் ஒரு சமூகம் முந்நூறு பக்கம் உரைநடையைத் தனியாக உட்கார்ந்து வாசித்து முடிக்கும் பழக்கத்தை இந்த அளவுகோலால்தான் பெற்றது. செய்யுளும் கூத்தும் கேட்டுப் பழகிய ஜனங்களை மௌன வாசிப்புக்குக் கொண்டுவந்தவர்கள் திகம்பர சாமியாரும் கோவிந்தனும்தான். பிற்பாடு வந்த நல்ல நாவல்கள் அந்தப் பழக்கத்தின்மேல்தான் நிற்கின்றன.

3

1930களில் மணிக்கொடி எழுத்தாளர்கள் வந்து இதை உடைத்தார்கள். உடைத்தது அவசியம். தழுவல் என்ற பெயரில் பிறமொழிச் சரக்குக்கு வேட்டி கட்டிவிடும் காரியத்தைப் புதுமைப்பித்தன் கடுமையாக எதிர்த்தார். சொந்த அநுபவம், சொந்த உருவம் என்ற கோரிக்கை எழுந்ததும், எழுத்துக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அந்த அளவுகோலை வாசகர் கையில் கொடுக்கும் வேலையை நாற்பது வருஷத்துக்கும் மேல் விடாமல் செய்தவர் க.நா. சுப்ரமண்யம்.

க.நா.சு. 1912ல் பிறந்து 1988ல் மறைந்தார். பொய்த்தேவு எழுதிய நாவலாசிரியர், மொழிபெயர்ப்பாளர் என்பதெல்லாம் ஒரு புறம் இருக்க, அடிப்படையில் அவர் ஒரு வாசகர்; தாம் படித்ததை அடுத்தவரைப் படிக்க வைக்காமல் இருக்க முடியாத வாசகர். 1950களின் பிற்பகுதியில் 'படித்திருக்கிறீர்களா?' என்று ஒரு நூலுக்குப் பெயர் வைத்தார். அந்தக் கேள்விக்குறிதான் அவருடைய விமர்சன முறை. அதே காலத்தில் 'முதல் ஐந்து தமிழ் நாவல்கள்' வந்தது. நார்வேயிலிருந்து ஹாம்சனின் நிலவளம், ஸ்வீடனிலிருந்து லாகர்க்விஸ்டின் அன்பு வழி என்று தாமே மொழிபெயர்த்தும் கொடுத்தார். சிபாரிசு செய்கிறவர் சிபாரிசு செய்த புத்தகத்தைத் தமிழில் கிடைக்கவும் செய்வது சாதாரண விஷயம் அல்ல.

அவருடைய பட்டியல்கள் அந்த நாளிலேயே சண்டையைக் கிளப்பின. காரணம் சொல்லாமல் பெயர் சொல்கிறார் என்றார்கள். சி.சு. செல்லப்பா 1959ல் எழுத்து பத்திரிகையைத் தொடங்கி, ரசனை மட்டும் போதாது, அலசிப் பார்க்க வேண்டும் என்று வேறு வழியில் போனார். கைலாசபதி 1968ல் தமிழ் நாவல் இலக்கியம் எழுதியபோது சமூகப் பின்னணியை விட்டுவிட்டுத் தரம் பேசுவதை நிர்த்தாட்சண்யமாகத் தாக்கினார். இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனாலும் வெளியூர் வாசகன் ஒருவன், அருகில் பேச ஆள் இல்லாதவன், அடுத்து எந்தப் புத்தகத்தைத் தேடுவது என்று தவிக்கும்போது அவன் கைக்கு உடனே பயன்பட்டது க.நா.சு. தந்த பெயர்கள்தான். நான் அப்படிப்பட்ட ஒருவன். ஆகவே அவரைக் குறை சொல்லும்போது கடன்பட்டவன் என்ற முறையில்தான் சொல்கிறேன்.

குறை இது. அவருடைய முதல் ஐந்தில் நடேச சாஸ்திரி இருக்கிறார், தீனதயாளுவுக்காக இருக்கிறார். அதற்கு ஆறு வருஷம் முந்திய தானவன் இல்லை. துப்புகளின் கோவை நாவல் ஆகாது என்று வாதாடலாம். கலாபூர்வமாக இரண்டில் எது மேல் என்றும் வாதாடலாம். நான் அதற்குள் போகவில்லை. ஓர் ஆசிரியரின் இரு கைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்ட அந்த இடத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டது என்பதே என் விஷயம். குடும்பத்தைச் சொன்னால் இலக்கியத்தின் வாசலில் நிற்கலாம், குற்றத்தைச் சொன்னால் தெருவில்தான் என்று ஆயிற்று. க.நா.சு. படித்த உலக இலக்கியத்தில் இந்தக் கோடு இல்லை. தஸ்தயேவ்ஸ்கியின் குற்றமும் தண்டனையும் ஒரு கொலைக் கதை. தாயும் தங்கையும் உள்ள குடும்பக் கதையும்கூட. அங்கே ஒப்புக்கொண்டதைத் தமிழில் தேட நமக்குத் தோன்றவில்லை.

4

விமர்சகர்கள் கோடு போட்டுக்கொண்டிருந்த அதே வருஷங்களில் ஊர்களில் வேறு விதமான சிபாரிசு நடந்துகொண்டிருந்தது. என் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கனத்த நூலால் தைத்த நான்கு பைண்டு புத்தகங்கள் இருந்தன. கல்கியிலும் ஆனந்த விகடனிலும் குமுதத்திலும் வந்த தொடர்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்தவை. இரவல் போய் வந்து அட்டை நைந்துபோனவை. எதைத் தைப்பது எதை அடுப்புக்குப் போடுவது என்று பெண்கள் தீர்மானித்தார்கள். அதுவும் ஒரு விமர்சனம்தான். அச்சேறாத விமர்சனம்.

சற்றுப் பெரிய ஊர்களில் வாடகை நூல்நிலையங்கள் இருந்தன. கடைக்காரருக்குத் தம் வாடிக்கையாளரின் ருசி தெரியும். இந்த அம்மாளுக்குக் காண்டேகர், இந்தப் பையனுக்குத் தமிழ்வாணனின் சங்கர்லால் என்று எடுத்து வைத்திருப்பார். கா.ஸ்ரீ.ஸ்ரீ. மராத்தியிலிருந்து கொண்டுவந்த காண்டேகருக்குத் தமிழ்நாட்டில் அத்தனை வீடுகள் கிடைத்ததற்குப் பத்திரிகை விமர்சனம் காரணம் அல்ல.

அரசாங்கத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948ல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதைக் கொண்டுவந்த கல்வி மந்திரி தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் திருப்பூரில் பிறந்தவர். சட்டத்துக்குப் பின்னால் இருந்த மூளை எஸ்.ஆர். ரங்கநாதன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதனுடைய வாசகர் என்பது 1931லேயே அவர் வகுத்த விதிகளில் இரண்டு. சொத்து வரியோடு நூலக வரியையும் வாங்கிச் சின்ன ஊர்களிலும் புத்தகம் வைத்தார்கள். ஆனால் அலமாரிக்குப் புத்தகம் வந்துவிட்டால் வாசகர் கைக்கு அது வந்துவிடாது. நடுவில் ஒரு வாய் வேண்டியிருக்கிறது.

பிறகு விலை மலிந்தது. 1969ல் ராணிமுத்து ஒரு ரூபாய்க்கு மாதம் ஒரு முழு நாவல் என்று ஆரம்பித்தது. 1980களில் பஸ் நிலையக் கடைகளில் மாத நாவல்கள் கொடியில் தொங்கின. கோயம்புத்தூர்க்காரரான ராஜேஷ்குமார் இன்றைக்கு ஆயிரத்தைந்நூறுக்கும் மேல் நாவல் எழுதியவர். இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் ரமணிசந்திரனின் குடும்பமும் காதலும். கடைக்காரர் கயிற்றிலேயே இரண்டும் இரண்டு வரிசை. நடேச சாஸ்திரியின் ஒரே மேஜையில் இருந்தவை இப்போது ஆண் வாசகருக்கு ஒன்று, பெண் வாசகருக்கு ஒன்று என்று முற்றாகப் பிரிந்துபோயின. விமர்சகர்கள் ஆரம்பித்ததை வியாபாரம் முடித்துவைத்தது.

இதற்கு மாறாக நடந்தவையும் உண்டு. 1965ல் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய வாசகர் வட்டம், சந்தாதாரர்களை நம்பி அம்மா வந்தாள் போன்ற நாவலை 1966ல் வெளியிட்டது. என்ன வருகிறது என்று முழுக்கத் தெரியாமலே ஒரு தேர்வை நம்பிப் பணம் கட்டிய வாசகர்கள் தமிழில் இருந்திருக்கிறார்கள். செல்லப்பா தம் பிரசுரங்களைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். எல்லாவற்றையும்விட விசித்திரமானது சுஜாதா விஷயம். 1968ல் குமுதத்தில் நைலான் கயிறு எழுதிய அதே ஆள்தான் கணையாழியின் கடைசிப் பக்கங்களில் வருஷக்கணக்கில் கவிதையையும் நாவலையும் சிபாரிசு செய்தார். கொலைக் கதைக்காக அவரிடம் வந்த எத்தனையோ பேரை நல்ல இலக்கியத்தின் பக்கம் கைகாட்டி அனுப்பினார். நாம் மூடிவைத்த கதவைத் தெருப்பக்கத்திலிருந்து வந்தவர் ஒருவர் திறந்தார் என்பதைச் சிறுபத்திரிகை உலகம் இன்னும் சரியாக ஒப்புக்கொள்ளவில்லை.

5

இரண்டு பிரிவினைகளுக்கும் நடுவில் சிக்கிய புத்தகங்கள் என்று சொன்னேன். எங்கள் பக்கத்துப் புத்தகமே ஒன்று உண்டு.

கணியூரைத் தாண்டி அமராவதி தாராபுரத்துக்குப் போகிறது. அந்தத் தாராபுரம் வட்டாரத்துக் கீரனூரில் 1917ல் பிறந்தவர் ஆர். ஷண்முகசுந்தரம். 1942ல் நாகம்மாள் எழுதினார். சரத்சந்திரரையும் பாதேர் பாஞ்சாலியையும் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. 1977ல் காலமானார். நாகம்மாள் தமிழின் முதல் வட்டார நாவல் என்று மறுபடி மறுபடி எழுதி அதை மறதியிலிருந்து காப்பாற்றியவர் க.நா.சு. எங்கள் ஊருக்குப் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் எழுதப்பட்ட நாவலின் பெயரை நான் சென்னையில் அச்சான ஒரு கட்டுரையில்தான் முதலில் பார்த்தேன். புத்தகம் கைக்குக் கிடைக்க மேலும் நாலு வருஷம் ஆயிற்று. படித்தபோது அதன் பேச்சு என் பாட்டியின் பேச்சாக இருந்தது. ஓர் ஊர் தன்னைத் தானே படிப்பதற்குக்கூட வேறிடத்திலிருந்து ஒருவர் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

கதை சின்னது. நாகம்மாள் விதவை, ஒரு பெண்குழந்தை. கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தோடு இருக்கிறாள். பங்கைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள். கெட்டியப்பன் என்ற முரடன் அவளுக்குப் பின்பலமாக நிற்கிறான். வெளியிலிருந்து தூண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பேச்சு முற்றுகிறது. கடைசியில் கெட்டியப்பன் கையால் சின்னப்பன் சாகிறான். நாவல் அங்கே நின்றுவிடுகிறது.

குடும்ப நாவலா? ஆம். ஒரு கூட்டுக் குடும்பம் உடைவதைத் தவிர வேறெதுவும் அதில் இல்லை. கொலைக் கதையா? அதுவும் ஆம். முதலிலிருந்தே ஏதோ நடக்கப்போகிறது என்று வயிற்றைக் கவ்வுகிறது. துப்பறிகிறவர் மட்டும் இல்லை. தேவையும் இல்லை. யார் கொன்றது என்று ஊருக்கே தெரியும். ராஜாம்பாளின் கடைசிப் பக்கத்தில் ரகசியம் தீர்கிறது, வாசகர் நிம்மதியாகத் தூங்கப் போகிறார். நாகம்மாளின் கடைசிப் பக்கத்தில் ரகசியம் ஒன்றும் இல்லை. கணக்கு மட்டும் தீராமல் இருக்கிறது. இரண்டு வகை எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவே என்று எனக்குத் தோன்றுகிறது. அது விஷயத்தில் இல்லை. கொலையா குடும்பமா என்பதில் இல்லை. புத்தகம் மூடிய பிறகு வாசகரிடம் என்ன மீதி வைக்கிறது என்பதில் இருக்கிறது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் சட்டத்தோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். இந்து விதவைகளுக்குச் சொத்துரிமை தரும் சட்டம் 1937ல் வந்தது. மாகாண விஷயமான விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941ல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் அதை விளைநிலத்துக்கும் விரித்தது 1947ல்தான். ஆகவே 1942ல் நாகம்மாள் கேட்ட பங்குக்குக் கோர்ட்டில் இடமில்லை. கஞ்சி குடிக்க ஜீவனாம்சம் கேட்டிருக்கலாம். கச்சேரி வழி அடைபட்டவள் கெட்டியப்பன் வழியில் போகிறாள். நாவலில் சட்டப் பேச்சு இப்படி வரவில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு படித்தால் அவளுடைய ஆங்காரம் வெறும் ஆங்காரமாகத் தெரிவதில்லை. முதல் வட்டார நாவல் என்ற சிபாரிசு புத்தகத்தைக் காப்பாற்றியது. அதோடு, அதைப் பேச்சு வழக்குக்கும் மண் வாசனைக்கும் உரிய புத்தகமாக ஒதுக்கியும் வைத்துவிட்டது. பங்கு கேட்ட ஒரு பெண்ணின் கதை என்று யாராவது சொல்லியிருந்தால் கணியூர்ப் பெண்கள் அதை எப்போதோ வாங்கித் தைத்து டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார்கள்.

6

அண்ணன் மகளுக்கு நான் சொன்ன நாலு இவை.

முதலாவது நாகம்மாள். பழசு என்று முகம் சுளித்தாள். சின்னப் புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்றேன்.

இரண்டாவது பெருமாள்முருகனின் பூக்குழி (2013). ஷண்முகசுந்தரத்தின் எழுத்தை ஆராய்ந்து ஒரு நூலே எழுதியவர் பெருமாள்முருகன். அந்த வகையில் இது முதல் புத்தகத்தின் வாரிசு. சோடாக் கடையில் வேலை பார்க்கும் ஒருவன் வேற்றுச் சாதிப் பெண்ணைக் கட்டி ஊருக்கு அழைத்து வருகிறான். தாயாரும் ஊரும் விடும் ஒவ்வொரு வார்த்தையிலும் பயம் ஏறிக்கொண்டே போகிறது. எந்தத் திகில் கதையிலும் இத்தனை பயத்தை நான் அடைந்ததில்லை. எதிரி இருட்டில் ஒளிந்திருப்பவன் அல்ல. பகலில் முற்றத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்கள்.

மூன்றாவது இமையத்தின் செல்லாத பணம் (2018). 2020ஆம் வருஷத்து சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. இன்ஜினீயரிங் படித்த பெண், ஆட்டோ ஓட்டுகிறவனைப் பிடிவாதமாகக் கட்டிக்கொண்டவள், தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தானே கொளுத்திக்கொண்டாளா, விபத்தா, அவன் செய்ததா? துப்பறியும் கதையின் கேள்விதான். பெற்றவர்கள் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். பணம் இருக்கிறது, ஒன்றுக்கும் உதவவில்லை. அந்தக் கேள்விக்கு நிச்சயமான பதிலைத் தேடிக்கொண்டு போகிறவர் பாதி வழியில் தம்முடைய கேள்வியே மாறிவிட்டதை உணர்வார்.

நாலாவது தேவிபாரதியின் நீர்வழிப் படூஉம் (2020). இதற்கு 2023ல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. எங்கள் மாவட்டத்து மண். ஊருக்குக் குடிநாவிதம் செய்து பிழைத்த குடும்பத்தில் ஒரு பெரியவர் இறக்கிறார், உறவுகள் கூடுகின்றன. மர்மம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவர் ஏன் இப்படி ஆனார் என்ற கேள்வி ஒவ்வொருவர் ஞாபகத்திலும் வேறு விதமாக அவிழ்கிறது. பிரிந்த உறவுகள் மறுபடி முகம் பார்க்கும் இடம் தமிழில் அபூர்வமாக எழுதப்பட்ட ஒன்று.

திருப்பூரையே பற்றி ஒன்றும் இல்லையா என்று கேட்டாள். எம். கோபாலகிருஷ்ணனின் மணல் கடிகை (2004) இருக்கிறது, பள்ளித் தோழர்கள் ஐந்து பேர் பனியன் தொழிலோடு வளர்ந்து சிதறும் கதை. சுப்ரபாரதிமணியனின் சாயத்திரை (1998) இருக்கிறது, நொய்யலில் சாயம் கலந்ததைச் சொல்வது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட் 2011ல் உத்தரவிட்டதற்குப் பதின்மூன்று வருஷம் முன்பே வந்த நாவல். நாலு கேட்டவளிடம் ஆறு சொல்லியாயிற்று. போதும் என்றாள்.

மாசியில் மறுபடி ஊருக்குப் போனபோது நாகம்மாளைத் திருப்பிக் கொடுத்தாள். பிடித்ததா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், "நாகம்மா கேட்டது நாயம்தானுங்களே சித்தப்பா? அப்பறம் ஏன் அவளைக் கெட்டவளாட்டவே காட்டுறாரு?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் இந்த நாவலைப் பற்றிப் படித்திருக்கிறேன், பேசியிருக்கிறேன், நாலு பேருக்குச் சிபாரிசும் செய்திருக்கிறேன். இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதில்லை. ஆசிரியர் அவளைக் கெட்டவளாகக் காட்டவில்லை, ஊர் கண்ணால் காட்டுகிறார் என்று ஏதோ சொன்னேன். கதை சொல்லும் குரலுக்கும் ஊர்க் குரலுக்கும் அந்த நாவலில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது நிஜமாகவே யோசிக்க வேண்டிய விஷயம். நான் சொன்னது அவளுக்குத் திருப்தியாக இல்லை என்று தெரிந்தது. எனக்கும் இல்லை.

எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினை ஆறு வருஷம் முன்பு நடந்தது. தென்னந்தோப்பும் நெல் வயலும் அண்ணனுக்கும் எனக்குமாகப் பிரிந்தன. அக்காமார் இரண்டு பேர் ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு சேலை வாங்கிக்கொண்டு போனார்கள். பெண்களுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989லேயே வந்துவிட்டது. அதற்கு முன்பே கலியாணம் ஆனவர்களுக்கு அது கிடையாது. என் அக்காமார் அந்தக் கணக்கில் விழுந்தவர்கள். 2005ல் வந்த மத்தியச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. ஆக, கேட்டிருந்தால் அவர்களுக்கு உண்டு. அவர்கள் கேட்கவில்லை. நாங்கள் சொல்லவும் இல்லை. அந்த வருஷங்களிலெல்லாம் நாகம்மாள் என் அலமாரியில் கண்ணுக்கு நேரே இருந்தது.

அவள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. அலமாரியைத் துழாவிப் பூக்குழியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, விடிகாலை கம்பெனி வேனுக்குப் போய்விட்டாள்.

அண்ணனிடம் நான் இன்னும் பேசவில்லை.